கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார்கள்

சென்ற ஜனவரியில் நம் சங்கத்தின் குடும்ப விழாவை ஒட்டி, இரண்டு பஸ்களில் கன்ஹேரி குகைகளுக்குப் போய்வந்தது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். புளியோதரை நன்றாக இருந்தது. தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் அதைவிட நன்றாக இருந்தன. 11ஆம் எண் குகையில் நீளமாக வெட்டியிருக்கும் இரண்டு கல் பெஞ்சுகளுக்கு இரு பக்கமும் அணி பிரித்து உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு பாடினோம். நானும் பாடினேன். ஆகவே இந்தக் கட்டுரையில் யாரையாவது குறை சொல்வதாகத் தோன்றினால், அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். என் பேரனைக் காணவில்லை என்று தேடிப்போனேன். அவனுக்கு ஒன்பது வயது. மேலே ஒரு சிறு குகையின் வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கூர்மையான கல் ஒன்றால் பாறையில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். தமிழில் கீறிக்கொண்டிருந்தான்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி எனக்கு மனம் பூரித்துப்போனது. இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிற பிள்ளை, வீட்டில் மருமகள் சொல்லிக்கொடுத்த தமிழில் ஒரு பிழையில்லாமல் எழுதியிருக்கிறானே என்ற பூரிப்பு. அடுத்த நொடிதான் அது என்ன இடம், அவன் என்ன செய்கிறான் என்று உறைத்தது. அந்த முதல் நொடியை நினைத்துத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

காவலர் ஓடிவந்து சத்தம் போட்டார். அவர் போட்டது நியாயம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. நம்மவர் சிலர், "சின்னப் பையன்தானே, ஏற்கெனவே எத்தனை பேர் கிறுக்கியிருக்கிறார்கள் பாருங்கள்" என்று அவரிடம் வாதாடினார்கள். ஒருவழியாகச் சமாதானம் ஆயிற்று. பஸ்ஸில் வரும்போது பேரன் கேட்டான்: "பாட்டி, அந்தக் குகைக்கு மேலே வேற ஏதோ எழுத்து வெட்டியிருக்கே, அதை மட்டும் ஏன் எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க? அவங்களும் பெயர்தானே எழுதியிருக்காங்க?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடித்தான் மறுபடியும் போனேன்.

இந்த முறை மழைக்காலத்தில், ஆகஸ்டில் போனேன். துணைக்கு வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மராத்தியப் பெண்மணி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், பௌத்தர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினாரே, அந்தக் கூட்டத்தில் அவருடைய பெற்றோரும் இருந்தார்களாம். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே மாடியில் குடியிருக்கிறோம். தீபாவளிப் பலகாரம் கைமாறும். பாயசமும் பூரண்போளியும் கைமாறும். ஆனால், "உங்கள் கோயிலுக்கு என்னையும் அழைத்துப் போங்கள்" என்று நான் கேட்டது அதுவே முதல் தடவை. "கன்ஹேரிக்கா? நீங்கள்தான் போய் வந்தீர்களே தாயி" என்றார். "போனேன், ஆனால் பார்க்கவில்லை" என்றேன்.

போரிவலியில் தேசியப் பூங்கா வாசலிலிருந்து ஆறு கிலோமீட்டர் போல உள்ளே போக வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அங்கே உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் தங்கிய இடம். கருங்கல் மலை என்பதால் கிருஷ்ணகிரி என்று பெயர். அதுதான் மருவிக் கன்ஹேரி ஆயிற்று. நாம் ஜனவரியில் பார்த்தது காய்ந்த பாறை. மழையில் அது வேறு ஊர். பாறை முழுவதும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். விரல் அகலத்தில் தொடங்கி, கை அகலம் ஆகி, ஒவ்வொரு குகை வாசலிலும் உள்ள தொட்டியில் போய் விழுகிறது தண்ணீர். மேலே விழுகிற ஒரு சொட்டும் வீணாகாத ஏற்பாடு. நம் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக்காகக் கூட்டம் போட்டு, குழு அமைத்து, இன்னும் குழாய் வாங்காமல் இருக்கிறோம்.

3ஆம் எண் குகைதான் பெரிய சைத்தியம். சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்தில் வணிகச் சகோதரர்கள் எடுப்பித்தது. இருபுறமும் தூண் வரிசை, கோடியில் ஸ்தூபம். நம் கூட்டம் அங்கே எதிரொலி வருகிறதா என்று கத்திப் பார்த்தது. என் தோழி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கைகூப்பி நின்று, மெல்லிய குரலில் மும்மணிகளைச் சரணடையும் பாலி வாசகத்தைச் சொன்னார். அதே எதிரொலிதான் வந்தது. ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் கத்திய இடம் ஒருவருக்குச் சந்நிதி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மீனாட்சியம்மன் சந்நிதியில் யாரோ வந்து பாட்டுக்குப் பாட்டு வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய துறவிகள் மலையைக் குடைந்து ஏன் குடியிருந்தார்கள்? இதற்கும் மழைதான் காரணம். மழைக்காலத்தில் பிக்குகள் நடமாடினால் இளம் பயிரும் சிறு உயிர்களும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறைபட்டார்களாம். புத்தர் அதைக் கேட்டு, ஆஷாட பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்று விதி வைத்தார். கொங்கணத்து மழையை அனுபவிக்கிற நமக்கு இது நன்றாகப் புரியும். அப்படித் தங்கின இடங்களே காலப்போக்கில் விகாரங்கள் ஆயின.

சிறு அறைகளுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கல் மேடை, அதுதான் கட்டில். பிக்குவின் சொத்து மொத்தம் எட்டுப் பொருள்: மூன்று துவராடை, திருவோடு, சவரக்கத்தி, ஊசி, இடுப்புக் கச்சை, தண்ணீர் வடிகட்டி. வடிகட்டி எதற்கு என்றால், தண்ணீரில் உள்ள சிறு உயிர் வாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்கு. உச்சிப்பொழுதுக்குப் பிறகு உணவு கிடையாது. பிச்சைக்குப் போனால் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. வீட்டு வாசலில் பேசாமல் நிற்க வேண்டும், இட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நகர வேண்டும். நாம் பாட்டுப் பாடிய அந்தக் கல் பெஞ்சுகள், பிக்குகள் வரிசையாக உட்கார்ந்து உண்பதற்கோ ஓதுவதற்கோ வெட்டப்பட்டவை என்கிறார்கள். அவர்களும் அங்கே சாப்பிட்டிருக்கலாம். ஆனால் சாப்பிட்ட ஓட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். நாம் ஏழெட்டுக் காகிதத் தட்டை விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது பேரன் கேள்விக்கு வருகிறேன். பாறையில் உள்ள எழுத்து என்ன சொல்கிறது? தேடிப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ராஜா பெயர் சிலவற்றில்தான் வருகிறது. மற்றதெல்லாம் சாதாரண ஜனங்கள். வணிகர், பொற்கொல்லர், இரும்புக் கொல்லர், குடும்பப் பெண்கள், பிக்குணிகள். ஒருவர் குகை கொடுத்தார், ஒருவர் தண்ணீர்த் தொட்டி, ஒருவர் நடைபாதை. எந்த ஊர்க்காரர்கள் தெரியுமா? நிறையப் பேர் கல்யாண்! நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் தினமும் லோக்கலில் தொங்கிக்கொண்டு வருகிற அதே கல்யாண். இன்னும் சிலர் சோபாரா, அதாவது இன்றைய நாலாசோபாரா. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், கௌட தேசத்திலிருந்து, அதாவது வங்காளத்திலிருந்து, இங்கே வந்த ஒருவர் நூறு திரம்மப் பணம் கொடுத்திருக்கிறார். பிழைக்க வந்த ஊரில் எதையாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் நமக்கு முன்பே இருந்திருக்கிறது.

நாசிக் குகைகளில் உள்ள சாசனம் ஒன்று இன்னும் விவரமானது. சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பு, க்ஷத்ரப அரசன் நகபாணனின் மருமகன் உஷவதாதன் 3000 காசு கொடுத்தான். பிக்கு பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாது என்பது விதி அல்லவா? அதனால் பணத்தை நெசவாளர் சங்கங்களிடம் வைப்பாகப் போட்டான். 2000 காசுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. அந்த வட்டியில், மழைக்காலம் தங்கும் இருபது பிக்குகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு காசு ஆடைக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000க்கு மாதம் 20, வருடத்துக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் அதே 240. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலைத் தொடக் கூடாது, வட்டி மட்டும்தான். நம் சங்கத்தின் கட்டட நிதியில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் கட்டடம் எப்போதோ எழும்பியிருக்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த நிதிக்கு நானும் ரசீது வாங்கியிருக்கிறேன்.

ஆக, பேரனிடம் நான் சொன்ன பதில் இது: "கண்ணா, அவர்கள் கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார்கள். நீ ஒன்றும் கொடுக்காமல் எழுதினாய்."

அவன் லேசுப்பட்டவன் இல்லை. 90ஆம் எண் குகையில் பஹ்லவி எழுத்தில் பார்சிகள் சிலர், கி.பி. 1009லும் 1021லும் வந்து பார்த்ததாகத் தங்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள் என்பதை அப்பாவின் போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். "அவங்க என்ன பாட்டி கொடுத்தாங்க?" என்றான். யோசித்துப் பார்த்தால் அவர்களும் நம்மைப்போல் சுற்றிப்பார்க்க வந்தவர்கள்தான். ஆயிரம் வருடம் கழித்து அது சரித்திரம் ஆகிவிட்டது. "ஒருவர் எழுதினால் சாசனம், நாடு முழுவதும் வந்து எழுதினால் சுவரே மிஞ்சாதே" என்றேன். அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டான். எனக்கும் அரை மனதுதான். ஆனால் வாதத்தில் அரை மனது இருந்தாலும், கல்லைக் கையில் எடுக்காமல் இருக்க அது போதும்.

நம்மிடம் வேறொரு வியாதியும் உண்டு. கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதுவோம். கன்ஹேரியில் எழுத்து வாசலுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே விழுகிற வெளிச்சத்தை அது மறைக்கவில்லை.

"இதெல்லாம் சரி, நமக்கும் பௌத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பள்ளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துறவிகள் படுத்துறங்கிய இடத்துக்குப் பெயர் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் அந்தப் பெயரே கல்விச்சாலைக்கு வந்தது என்பார்கள். நான் முப்பது வருடம் கையெழுத்துப் போட்ட இடத்தின் பெயரே அவர்கள் கொடுத்தது! நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சங்கம் என்ற சொல்லும் அவர்கள் கூட்டத்தின் பெயர்தான். மதுரைப் பக்கத்து மலைகளில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகளை ஊர்மக்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். இங்கே நாசிக்கின் பௌத்தக் குகைகளுக்குப் பாண்டவ லேணி என்று பெயர். இருந்தவர்களை மறந்துவிட்டுப் பாண்டவர்களைக் குடிவைப்பதில் தமிழனும் மராட்டியனும் ஒன்றுதான். ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. சைவனான அரசன் அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயை விட்டுக்கொடுத்தான். மணிமேகலையை எத்தனையோ வருடம் வகுப்பில் நடத்தினேன். அமுதசுரபியைப் பற்றிக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டேன். ஆனால் திருவோடு ஏந்திய ஒரு பெண் எந்த மாதிரி அறையில் படுத்தாள், எங்கே தண்ணீர் மொண்டாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. முக்கால் மணி நேர லோக்கல் பயணத்தில் கன்ஹேரி இருந்தது. ஒரு வகுப்பையாவது அழைத்துப்போயிருக்கலாம். போகவில்லை. என் வாழ்நாளில் நான் செய்யாமல் விட்டவற்றில் இதுவும் ஒன்று.

பெண் என்ற முறையில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பிக்குணி நூறு வருடம் துறவியாக இருந்தாலும், அன்று துறவு பூண்ட பிக்குவை அவள்தான் வணங்க வேண்டும் என்று அவர்கள் விதியில் இருக்கிறது. என் தோழியிடம் கேட்டேன். "எங்களுக்கும் அது பிடிக்கவில்லை, தாயி. நல்லதை எடுத்துக்கொள்கிறோம்; மற்றதைக் கேள்வி கேட்கிறோம்" என்றார். பழையது எல்லாம் பொன் என்று நானும் சொல்ல வரவில்லை.

ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லது இரண்டைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, உபாலி என்ற நாவிதரின் கதை. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கும்படி அவர்களே புத்தரைக் கேட்டுக்கொண்டார்கள். சங்கத்தில் முன்னால் சேர்ந்தவர் மூத்தவர். பின்னால் வந்தவர் அவரை வணங்க வேண்டும். தங்கள் குலச்செருக்கு அப்படியாவது அடங்கட்டும் என்று விரும்பினார்களாம். வயது, குலம், செல்வம் எதுவும் கணக்கில்லை. எத்தனை மழைக்காலம் தங்கினாய் என்பதே கணக்கு. ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தும், எந்த மாவட்டம், என்ன ஜாதி என்று பார்த்துப் பந்தியில் உட்காருகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. மனதில் கை வைத்துப் பார்த்துக்கொள்வோம்.

இரண்டாவது, மழைக்காலத்தின் கடைசி நாளில் நடக்கும் பவாரணை. மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மனஸ்தாபம் வராமல் இருக்குமா? அதனால், பிரியும் முன் ஒவ்வொரு பிக்குவும் சபை நடுவில் கைகூப்பி, என்னிடம் ஏதாவது குற்றம் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயப்பட்டிருந்தாலோ தயவுசெய்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டும். மூத்தவர்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நம் ஆண்டுப் பொதுக்குழுவில் எல்லோரும் எழுந்து அடுத்தவர் குற்றத்தைச் சொல்கிறோம். என் குற்றத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரே ஒருமுறை முயன்று பார்த்தால் என்ன? மூத்த உறுப்பினர் என்ற முறையில் நானே தொடங்குகிறேன். பாட்டுக்குப் பாட்டு பாடியதை முதல் குற்றமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் சிறியது. குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து சாப்பிட, ஆடிப்பாட, வேறு தோட்டம் துரவு எத்தனையோ இருக்கின்றன. பிக்னிக் அங்கே நடக்கட்டும். கன்ஹேரிக்கு இருபது பேருக்கு மிகாமல், மழைக்காலத்தில், முன்னதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போவோம். சாப்பாடு பூங்காவுக்கு வெளியே வந்த பிறகு. பிள்ளைகள் அவசியம் வரட்டும்; ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பாறையில் உள்ள எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்வோம். என் தோழியும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரை வழிகாட்டி என்று நினைக்காமல், அவர் வீட்டுக்குப் போகிற விருந்தாளிகளாக நடந்துகொள்வோம்.

பேரன் கீறிய பெயர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அழிக்கத் தேய்த்தால் பாறை இன்னும் கெடும். ஆகஸ்டில் பார்த்தபோது மழைத்தண்ணீர் அதன்மேல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு பிழையும் இல்லாத தமிழ்!

அடுத்த பயணத்துக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன்.